முதல் தெரபி செஷன்: அந்த ஐம்பது நிமிஷத்துல என்ன நடக்கும்?

பம்மல்ல இருந்து ரெக்கார்ட் பண்றேன், நடுவுல தண்ணி லாரி ஹாரன் கேட்டா கண்டுக்காதீங்க.

நம்ம இன்பாக்ஸ்ல அடிக்கடி வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு: "தெரபி போகணும்னு ரொம்ப நாளா நினைக்கிறேன். ஆனா அங்க போய் என்ன பேசுறது?" இதுல கவனிச்சீங்கன்னா, தெரபி தேவையா இல்லையான்னு யாரும் கேட்கல. முடிவு எடுத்தாச்சு. கதவைத் திறந்ததும் என்ன நடக்கும்னு தெரியாததுதான் பயம். நம்ம ஊர்ல கவுன்சிலிங்னாலே இன்ஜினியரிங் சீட் எடுக்கப் போறதுதானே ஞாபகத்துக்கு வருது! அதனால இந்த எபிசோடுல ஆரம்பத்துல இருந்து போயிடலாம்.

யார்கிட்ட போறது?

மூணு பேரையும் ஒரே ஆள்னு நினைச்சுக் குழப்பிக்கிறோம். மனநல மருத்துவர், அதாவது சைக்கியாட்ரிஸ்ட், எம்.பி.பி.எஸ். முடிச்சு அதுக்கு மேல மனநலம் படிச்ச டாக்டர். மருந்து எழுதறவர் அவர்தான். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார். பேச்சு வழியா சிகிச்சை தருவார், மதிப்பீடு செய்வார். அவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல, சுருக்கமா ஆர்.சி.ஐ.ல, பதிவு இருக்கணும். மூணாவது கவுன்சிலர். இங்கதான் ஜாக்கிரதை. நல்லா படிச்சுப் பயிற்சி எடுத்தவங்களும் இந்தப் பேர்ல இருக்காங்க, வார இறுதி கோர்ஸ் முடிச்சு போர்டு மாட்டினவங்களும் இருக்காங்க.

அதனால அப்பாயின்மென்ட் போடும்போதே கேளுங்க: என்ன படிச்சிருக்கீங்க? பதிவு எண் இருக்கா? ஃபீஸ் எவ்வளவு? தமிழ்ல பேசலாமா? இப்படிக் கேட்கறது மரியாதைக் குறைவு இல்ல. நல்ல தெரபிஸ்ட் தயங்காம பதில் சொல்வார்.

தமிழ் கேள்வியைச் சும்மா சேர்க்கல. ஆபீஸ்ல நாள் முழுக்க இங்கிலீஷ்ல பேசுவோம். ஆனா "எனக்கு ஒரு மாதிரி இருக்கு", "மனசே சரியில்ல", "நெஞ்சு படபடன்னு இருக்கு", இதையெல்லாம் இங்கிலீஷ்ல மாத்தும்போதே பாதி காணாமப் போயிடும்.

உள்ளே போனதும்

முதல்ல ஒரு ஃபார்ம் தருவாங்க: பேரு, வயசு, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும், ஏற்கெனவே என்ன மருந்து எடுக்கறீங்க. அப்புறம் ரகசியம் பத்தி சொல்வாங்க. சொல்லலைன்னா நீங்களே கேளுங்க. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, சிகிச்சைக்கு வர்றவங்களோட தகவலை ரகசியமா வைக்கச் சொல்லுது. விதிவிலக்கும் இருக்கு: உங்க உயிருக்கோ அடுத்தவங்களுக்கோ ஆபத்துன்னா, கோர்ட் உத்தரவு வந்தா. மத்தபடி உங்க அம்மா போன் பண்ணி "புள்ள என்ன சொன்னான்?"னு கேட்டாலும் சொல்லக் கூடாது.

ஒரு செஷன் பொதுவா 45 நிமிஷத்துல இருந்து ஒரு மணி நேரம். முதல் செஷன்ல பெரும்பாலும் கேள்விதான். எப்போல இருந்து இப்படி? தூக்கம் எப்படி? சாப்பாடு? வேலை, வீடு, நண்பர்கள்? குடி, சிகரெட்? குடும்பத்துல யாருக்காவது இருந்திருக்கா? உயிரை விட்டுடலாம்னு தோணியிருக்கா?

அந்தக் கடைசி கேள்வி பலரைத் தூக்கிவாரிப் போடும். நம்மளைப் பார்த்தா அப்படியா தெரியுதுன்னு தோணும். அது எல்லார்கிட்டயும் கேட்கற கேள்வி. உண்மையைச் சொல்லுங்க. அப்படித் தோணறது குற்றம் இல்ல. சொன்ன உடனே போலீஸ் வராது. எவ்வளவு தீவிரம்னு தெரிஞ்சாதான் அவங்களால உங்களைப் பாதுகாக்க முடியும்.

என்ன பேசறதுன்னு தெரியலன்னா, பக் ரிப்போர்ட் மாதிரி மூணு வரி போன்ல எழுதிட்டுப் போங்க: என்ன நடக்குது, எப்போல இருந்து, அதனால எது நின்னு போச்சு. "எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியல"ன்னு சொல்லியே ஆரம்பிக்கலாம். ஒரு விஷயத்தைப் பேச விருப்பம் இல்லன்னா "இது இப்போ வேணாம்"னு சொல்லலாம். அழுகை வந்தா அழலாம்; டிஷ்யூ பாக்ஸ் அதுக்குத்தான் வெச்சிருக்காங்க.

ஆனா பக் ரிப்போர்ட் உவமை அதோட முடிஞ்சது. முதல் நாளே ஃபிக்ஸ் வராது. "வேலையை விடு", "கல்யாணம் பண்ணு"ன்னு அவங்க தீர்ப்பு சொல்லவும் மாட்டாங்க. சிபிடின்னு ஒரு முறை இருக்கு, ஆரன் பெக் 1960கள்ல உருவாக்கினது. நம்ம எண்ணம், உணர்வு, செயல் மூணும் ஒண்ணை ஒண்ணு எப்படி இழுக்குதுன்னு பார்க்கறது, வீட்டுப்பாடமும் உண்டு. அதுக்கே பிரிட்டன் அரசு மருத்துவத் துறை 6 முதல் 20 செஷன்னு கணக்கு சொல்லுது.

முடிச்சு வெளியே வரும்போது லேசாவும் இருக்கலாம், பிழிஞ்சு போட்ட மாதிரியும் இருக்கலாம். ரெண்டுமே சகஜம். அடுத்த பத்து நிமிஷத்துல ஸ்டாண்ட்அப் கால் வெச்சுக்காதீங்க.

எங்க உட்கார்ந்து பேசறது?

இதை யாரும் பேசறதில்ல. ரெண்டு பெட்ரூம், அஞ்சு பேர், ஹால்ல டிவி. ஆன்லைன் செஷன்ல "எங்க அப்பாகிட்ட..."ன்னு ஆரம்பிக்கும்போது அப்பா கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பார். மொட்டை மாடி, பார்க் பண்ணின கார், தனியா இருக்கற நண்பர் ரூம், எதுவா இருந்தாலும் முன்கூட்டியே முடிவு பண்ணுங்க. இயர்போன் கட்டாயம். எதுவுமே அமையலன்னா நேர்ல போறதுதான் நல்லது. பல்லாவரத்துல ட்ரெயின் ஏறிப் போற அந்த நேரமும் ஒரு வகையில உங்களுக்கான நேரம்தான்.

காசு?

தனியார்ல ஃபீஸ் ஆளுக்கு ஆள் மாறும். குறைச்சுக்க முடியுமான்னு கேட்கலாம். சிலர் வருமானத்துக்குத் தகுந்த மாதிரி வாங்குவாங்க. உங்க கம்பெனியில ஊழியர் உதவித் திட்டம் இருந்தா சில செஷன் இலவசமா கிடைக்கலாம். ஹெச்.ஆருக்கு என்ன தகவல் போகும்னு முதல்லயே கேட்டுக்குங்க.

அரசு வழியும் இருக்கு. 14416, டெலி மானஸ். 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது. தமிழ்நாட்டுல "நட்புடன் உங்களோடு" மனநல சேவைன்னு பேரு. 24 மணி நேரமும், இலவசம், தமிழ்ல பேசலாம். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794ல தொடங்கினது. அந்தப் பேரை நாம கிண்டலுக்குத்தான் யூஸ் பண்ணிட்டு இருக்கோம். அங்க தினமும் புறநோயாளிகள் வந்து பார்த்துட்டு வீட்டுக்குப் போறாங்க.

செட் ஆகலன்னா?

ரெண்டு மூணு செஷன் பாருங்க. அப்பவும் ஒட்டலன்னா அவங்ககிட்டயே சொல்லுங்க, வேற ஆளைப் பரிந்துரைக்கச் சொல்லுங்க. ஒருத்தர் சரிப்படலங்கறதுக்காக தெரபியே வேலைக்கு ஆகாதுன்னு முடிவு பண்ணாதீங்க.

சில விஷயத்துக்கு மட்டும் ரெண்டாவது சான்ஸ் கிடையாது. மத்த கிளையன்ட் கதையை உங்ககிட்ட சொல்றாங்க, ஜாதி கேட்டு அறிவுரை சொல்றாங்க, தொடறாங்க, இல்லன்னா ஓரினச் சேர்க்கையாளர்னு சொன்னதும் "சரி பண்ணிடலாம்"ங்கறாங்க: எழுந்து வந்துடுங்க. அப்படி "மாத்தற" சிகிச்சைக்கு மெட்ராஸ் ஹைகோர்ட் 2021 ஜூன்லயே தடை போட்டுடுச்சு.

கடைசியா ஒண்ணு. உயிரை விடணும்ங்கற எண்ணம் இப்போ, இந்த நிமிஷம் இருக்குன்னா, அடுத்த வாரம் கிடைக்கற அப்பாயின்மென்ட்டுக்காகக் காத்திருக்காதீங்க. 14416 கூப்பிடுங்க. 1986ல இருந்து சென்னையில இயங்கற சிநேகா அமைப்பு: 044 24640050. இல்லன்னா பக்கத்துல இருக்கற ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு யாரையாவது கூட்டிட்டுப் போங்க.

மத்தவங்களுக்கு இந்த வார வேலை சின்னதுதான்: ரெண்டு பேரோட நம்பர் எடுங்க, நான் சொன்ன நாலு கேள்வியைக் கேளுங்க, ஒரு தேதி வாங்குங்க. அடுத்த எபிசோடுல, வீட்ல இதை எப்படிச் சொல்றதுன்னு பார்ப்போம். பார்த்துக்கோங்க, மக்களே.