வேகமான கணினி போதாது, நேரம் தவறாத கணினி வேண்டும்

மைக்கில் பாடுவது ஹெட்போனில் சற்றே பிந்திக் கேட்டால் போதும், பாடகருக்குத் தாளம் தடுமாறும். ஒலிப்பதிவுக்காரர்கள் இதை ‘லேட்டன்சி’ என்பார்கள். மைக்கிலிருந்து ஹெட்போன் வரை மொத்தம் 10 மில்லிவிநாடிக்குள் அடங்கினால் பெரும்பாலோருக்கு உறுத்தாது. காற்றில் ஒலி அந்த நேரத்தில் ஏறக்குறைய மூன்றரை மீட்டர் போகும். மேடையில் அவ்வளவு தள்ளி இருப்பவரின் வாசிப்பும் அதே அளவு பிந்தித்தான் காதுக்கு வருகிறது.

கணினிக்குள் இந்தத் தாமதம் ‘பஃபர்’ என்ற இடத்தில் பிறக்கிறது. நொடிக்கு 48,000 சாம்பிள் வீதம் ஒலியை அளக்கும் கணினி, அவற்றை ஒவ்வொன்றாகக் கையாளுவதில்லை. ஒரு கட்டு சேர்ந்த பிறகே வேலையைத் தொடங்கும். 1,024 சாம்பிள் சேர 21 மில்லிவிநாடி ஆகும். 128 என்றால் 2.7 போதும். உள்ளே வர ஒரு பஃபர், வெளியே போக ஒரு பஃபர் என்று இது இரட்டிப்பாகும். யுஎஸ்பி, டிரைவர் ஆகியவற்றின் பங்கு தனி.

பஃபரைக் குறைத்துக்கொண்டே போனால் என்ன? பந்தி பரிமாறுவதை நினைத்துப் பாருங்கள்: சின்ன வாளியில் சாம்பார் கொண்டுவருபவர் அடிக்கடி சமையற்கட்டுக்கு ஓட வேண்டும். ஒரு நடை தாமதித்தாலும் யாரோ ஒருவர் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பஃபர் 128 என்றால், கணினி நொடிக்கு 375 முறை குறித்த நேரத்தில் ஒலியைக் கொடுத்தாக வேண்டும். ஒரு முறை தவறினாலும் ‘டப்’ என்று சத்தம் வெடிக்கும். லினக்ஸில் இதற்கு ‘எக்ஸ்ரன்’ என்று பெயர்.

பிராசஸர் 20 சதவீதம்கூட உழைக்காத நேரத்திலும் இந்த வெடிப்பு வரும். ஒலிக்கு சராசரி வேகத்தால் பயனில்லை. மிக மோசமான ஒரு கணத்தில் எவ்வளவு பிந்துகிறது என்பதே கணக்கு. மின்சாரத்தை மிச்சப்படுத்த பிராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. வைஃபை டிரைவர் நடுவில் புகுந்து சில மில்லிவிநாடிகளைப் பிடித்துக்கொள்கிறது. நினைவகத்தில் இருக்க வேண்டிய தரவு டிஸ்க்குக்குத் தள்ளப்பட்டிருந்தால் அதை மீட்டெடுக்க இன்னும் நேரம்.

கணினியைத் தயார் செய்வது என்றால் இந்தக் குறுக்கீடுகளை ஒவ்வொன்றாக விலக்குவதுதான். விண்டோஸில், மைக்கையும் ஹெட்போனையும் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு உரிய ஏசியோ டிரைவரைப் போட வேண்டும். இது 1997-இல் ஸ்டெயின்பெர்க் நிறுவனம் கொண்டுவந்த முறை. மின்சிக்கன அமைப்பை ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ ஆக்கி, பதிவு முடியும்வரை வைஃபையை அணைத்துவிடலாம். மேக்கில் ‘கோர் ஆடியோ’ என்ற ஒலி அமைப்பு உள்ளேயே இருப்பதால் தனி டிரைவர் பெரும்பாலும் தேவைப்படாது. லினக்ஸில் ஒலி மென்பொருளுக்கு ரியல்டைம் முன்னுரிமையும், தன் நினைவகத்தைப் பூட்டி வைத்துக்கொள்ளும் அனுமதியும் தர வேண்டும். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தனி ஒட்டாகவே (பேட்ச்) வளர்ந்த ‘பிரீஎம்ட்-ஆர்டி’, லினக்ஸின் கருவான கெர்னலில், 2024-இல் வந்த 6.12 பதிப்போடு சேர்ந்துவிட்டது. அவசர வேலை வந்தால் கெர்னலே தன் வேலையை நிறுத்தி வழிவிடும் ஏற்பாடு இது.

இவ்வளவும் செய்துவிட்டு ப்ளூடூத் ஹெட்போனை மாட்டினால் பாடுபட்டது வீண். அதன் தாமதம் மட்டுமே 100 மில்லிவிநாடியைத் தாண்டக்கூடும். கம்பி ஹெட்போனே நல்லது. இன்டர்ஃபேஸில் ‘டைரக்ட் மானிட்டர்’ பொத்தான் இருந்தால், பாடுபவரின் குரல் கணினிக்குப் போய்வராமல் நேரே காதுக்கு வந்துவிடும்.

பஃபரை 256-இல் தொடங்கி, பாட்டின் மிகக் கனமான இடத்தை ஓடவிட்டுப் பாருங்கள். வெடிக்கவில்லை என்றால் 128, பிறகு 64. வெடிக்கத் தொடங்கியதும் ஒரு படி மேலே ஏறி நின்றுகொள்ளுங்கள். பாடி முடித்து மிக்ஸிங்குக்கு உட்காரும்போது 1,024-க்குப் போய்விடலாம். அங்கே தாமதத்தால் யாருக்கும் நட்டமில்லை.