நித்திய கல்யாணி இலையைச் சோதித்தபோது

“டீச்சர், என் பாட்டி இனிப்பு நீருக்கு நித்திய கல்யாணி இலையைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறார். நல்லதா?” என்று ஒரு மாணவி கேட்டாள். மாணவர்களே, வீட்டு வாசலில் ஐந்து இதழ்களோடு இளஞ்சிவப்பாகப் பூக்குமே, அதே செடிதான். மலாயில் கெமுந்திங் சீனா என்பார்கள். பெயரில் சீனா இருந்தாலும் அதன் தாயகம் ஆப்பிரிக்காவை அடுத்த மடகாஸ்கர் தீவு.

அங்கிருந்து பல நாடுகளுக்குப் பரவிய இச்செடியை ஜமைக்கா மக்களும் நீரிழிவுக்குப் பயன்படுத்தினார்கள். 1952-இல் ஜமைக்காவிலிருந்து 25 இலைகள் அடங்கிய பொட்டலம் ஒன்று கனடாவில் மருத்துவர் கிளார்க் நோபலுக்கு வந்தது. இன்சுலின் கிடைக்காதபோது இதைத்தான் தேநீராகக் குடிக்கிறோம் என்று அனுப்பியவர் தெரிவித்திருந்தார். கிளார்க் அதைத் தம் தம்பி ராபர்ட் நோபலிடம் சேர்த்தார். ராபர்ட், வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழக ஆய்வாளர்.

அவர் இலைச்சாற்றை விலங்குகளுக்கு வாய்வழி கொடுத்துப் பார்த்தார். இரத்தச் சர்க்கரை குறிப்பிடும்படி குறையவில்லை. ஊசி மூலம் எலிகளுக்குச் செலுத்தினார். சில நாள்களில் அவை கிருமித்தொற்றால் இறந்தன! நானாக இருந்தால் அத்துடன் குறிப்பேட்டை மூடியிருப்பேன். அவரோ ஏன் இறந்தன என்று தேடினார். எலிகளின் இரத்தத்தில் வெள்ளையணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. அவற்றை உருவாக்கும் எலும்பு மச்சையும் நலிந்திருந்தது. கிருமிகளை எதிர்க்க உடலில் ஆளில்லை.

இங்கேதான் ஆய்வு திசை மாறியது. இரத்தப் புற்றுநோயில் வெள்ளையணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன. அவற்றைக் குறைக்கும் பொருள் மருந்தாகுமே! வேதியியலாளர் சார்லஸ் பியருடன் சேர்ந்து 1958-இல் அப்பொருளைப் பிரித்தெடுத்தார். அதுதான் வின்பிளாஸ்டின். இதே செடியிலிருந்து அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனம் கண்டெடுத்த வின்கிறிஸ்டின், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கப்படுகிறது.

உயிரணுப் பிரிவுப் பாடத்தில், குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் கதிர் இழைகளைப் படித்திருப்பீர்கள். இழைகளுக்கான டியூபுலின் புரதத்தோடு இம்மருந்துகள் ஒட்டிக்கொள்கின்றன. இழை உருவாகாது, பிரிவு பாதியில் நிற்கும், உயிரணு இறக்கும். எலும்பு மச்சையில் உயிரணுக்கள் வேகமாகப் பிரிவதால் அடி அங்கே பலமாக விழுகிறது.

பின்னாளில் வேறு சில சோதனைகளில் இச்சாறு விலங்குகளின் சர்க்கரையைக் குறைத்ததும் உண்டு. ஆனால் மனிதருக்கு அது பாதுகாப்பான நீரிழிவு மருந்து என்று நிறுவப்படவில்லை. பாட்டி காய்ச்சும் குவளையில் எந்தப் பொருள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளக்கவும் வழியில்லை. ஆகவே அந்த மாணவியிடம், “குடிக்க வேண்டாம் என்று சொல். மாத்திரையை நிறுத்தியிருந்தால் உடனே டாக்டரிடம் அழைத்துப் போ” என்றேன்.