அச்சு விளம்பரங்களின் எதிர்காலம்

இம்மலரின் இறுதிப் பக்கங்களைச் சற்றே புரட்டிப் பாருங்கள். நகை மாளிகை, பலசரக்குக் கடை, சட்டத்தரணி, வாகனப் பயிற்சியாளர் எனப் பலரின் வாழ்த்து விளம்பரங்கள் அங்கு இடம்பெற்றுள்ளன. எமது மாணவர்களின் ஆக்கங்களை அச்சிடும் செலவைச் சுமப்பவை அப்பக்கங்களே. கடந்த மாசி மாதம் விளம்பரம் சேர்க்கச் சென்றபோது, ஆண்டுதோறும் முழுப்பக்கம் தந்துவந்த கடைக்காரர் ஒருவர், "மாஸ்ரர், இப்ப ஆர் மலரைப் பாத்துக் கடைக்கு வருகினம்? முகநூலிலை போட்டால் பத்துப் பவுணோடை அலுவல் முடிஞ்சுது" என்றார். நான் மறுமொழி கூற இயலாது நின்றேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி என்பதாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

இங்கிலாந்தில் முதன்முதலில் அச்சகம் நிறுவிய வில்லியம் காக்ஸ்டன், 1477 ஆம் ஆண்டளவில், தாம் அச்சிட்ட சமயக் கைந்நூல் ஒன்றை விற்கும் பொருட்டுச் சிறு துண்டறிக்கை ஒன்றை வெளியிட்டார். ஆங்கிலத்தில் இன்று எஞ்சியுள்ள அச்சு விளம்பரங்களுள் மிகப் பழையது அதுவே. அறிவித்தலைக் கிழித்துவிட வேண்டாம் என்னும் வேண்டுகோளும் அதன் அடியில் இலத்தீன் மொழியில் காணப்படுகின்றது. சுவரொட்டிகளைக் கிழிக்கும் பழக்கம் நம்மவர்க்கு மட்டும் உரியதன்று போலும்! பிற்காலத்தில் விளம்பரமே பத்திரிகையின் முகமாயிற்று. இலண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை 1966 ஆம் ஆண்டு மே மாதம் வரை தனது முதற்பக்கத்தைச் செய்திக்கன்றிச் சிறு விளம்பரங்களுக்கே ஒதுக்கியிருந்தது.

பத்திரிகையின் விலை அதன் செலவுக்குப் போதாது. எஞ்சியதை விளம்பரதாரர் ஈடுசெய்தனர். நம் ஊர்க் கோவில் திருவிழாவை இதற்கு உவமையாகக் கூறலாம். உபயகாரர் ஒருவர் செலவை ஏற்பார். மேளக்கச்சேரியை ஊரே கேட்கும். உபயகாரர் வேறிடம் சென்றுவிட்டால் மேளத்திற்கு என்ன நேரும்?

அதுவே நடந்தது. 1977 இல் தொடங்கிய 'ஓட்டோ டிரேடர்' வாகன விற்பனை இதழ் 2013 இல் அச்சினைக் கைவிட்டு முழுவதும் இணையத்துக்கு மாறியது. 1966 இல் பிரைட்டன் நகரில் முதன்முதலாக வெளிவந்த 'யெலோ பேஜஸ்' மஞ்சள் ஏட்டின் கடைசிப் பிரதிகள் 2019 ஜனவரியில் அதே நகரிலேயே விநியோகிக்கப்பட்டன. அமெரிக்கப் பத்திரிகைகளின் விளம்பர வருவாய் 2005 இல் ஏறத்தாழ 4,900 கோடி டொலராக இருந்து, 2020 இல் 1,000 கோடிக்கும் கீழே இறங்கியது. கூகிள் நிறுவனமோ 2023 ஆம் ஆண்டில் மட்டும் 23,700 கோடி டொலருக்கு மேல் விளம்பரத்தால் ஈட்டியது.

இணைய விளம்பரத்தின் செயன்முறையை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. நீங்கள் ஒரு பக்கத்தைத் திறக்கும் கணத்திலேயே, உங்கள் கண்முன் தோன்றும் உரிமைக்கு ஓர் ஏலம் நடைபெறுகின்றது. முன்னர் எதைத் தேடினீர்கள், எங்கே வசிக்கின்றீர்கள் என்பன போன்ற விபரங்களைக் கொண்டு கணினிகளே விலை கூறுகின்றன. கண்ணிமைக்கும் நேரத்தில் ஏலம் முடிந்துவிடும். ஒரே இருக்கையில் அமர்ந்திருக்கும் தந்தைக்கும் மகளுக்கும் வெவ்வேறு விளம்பரங்கள் தோன்றுவது இதனாலேயே. வணிகருக்கு இது பெரும் இலாபம். ஆயினும் மகளுக்குக் காட்டப்பட்டதைத் தந்தை அறியார். நாளை அதனைத் தேடினாலும் கிடைப்பது அரிது.

அச்சு விளம்பரம் ஊரறியச் சொல்லப்படுவது. சொல்லியபின் மறைக்க இயலாதது. இந்நாட்டில் மதுபானம் விற்க அனுமதி கோரும் கடைக்காரர், வெளிர்நீலத் தாளில் கடைவாசலில் அறிவித்தல் ஒட்டுவதோடு உள்ளூர்ப் பத்திரிகையிலும் விளம்பரம் செய்ய வேண்டுமென 2005 ஆம் ஆண்டு விதிகள் கூறின. நம்மவர் பலர் இதனை அனுபவத்தில் அறிவர். ஆட்சேபிக்க விரும்பும் அயலவருக்கு அதுவே வாய்ப்பு. பத்திரிகை விளம்பரக் கட்டாயத்தை நீக்கும் யோசனையும் 2025 இல் முன்வைக்கப்பட்டது. செலவு மிச்சமாகும் என்பது உண்மையே. அயலவர் எதைப் பார்த்து அறிவார் என்பதே என் ஐயம்.

இவ்வாறு ஐயுறுவதற்கு எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு. தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக் காலத்தில், யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் கொப்பித் தாளில் அச்சாகி வந்ததை மாணவனாக இருந்து கண்டவன் நான். பக்கங்கள் சுருங்கினாலும் மரண அறிவித்தல்கள் நிற்கவில்லை. என் பேர்த்தியார் முதலில் வாசிக்கச் சொல்லுவது அவற்றையே. பின்னர் என் தந்தையார் காலமானபோதும் அத்தகைய அறிவித்தல் ஒன்று வெளிவந்தது: பிறந்த ஊர், மனைவி பெயர், பிள்ளைகள் ஐவரின் பெயர்கள். 2009 இல் எமது பத்திரங்கள் யாவும் அழிந்தன. இந்நாட்டில் நான் இன்னாருடைய மகன் என நிறுவ வேண்டி வந்தபோது, உறவினர் ஒருவர் பாதுகாத்து வைத்திருந்த அந்தத் துணுக்கை அனுப்பிவைத்தார். என் சட்டத்தரணி அதனை மொழிபெயர்த்து வழக்கில் இணைத்தார். நான்கு அங்குல விளம்பரம். அதற்குப் பணம் கொடுத்தவர் என் சிறிய தந்தையார்.

எனவே என் கணிப்பு இதுதான். மலிவு விலை, வாடகை வீடு, பழைய வாகனம் ஆகியவற்றின் விளம்பரங்கள் தாளுக்குத் திரும்பப் போவதில்லை. சாட்சியம் வேண்டிய அறிவித்தல்கள் சில காலம் நிற்கும். அச்சும் இணையமும் கைகோப்பதும் உண்டு. 1994 இல் யப்பானில் வாகன உதிரிப்பாகங்களை அடையாளங்காண உருவாக்கப்பட்ட கியூஆர் குறியீட்டுச் சதுரம் இன்று இம்மலரின் விளம்பரங்களிலும் இடம்பிடித்துள்ளது.

அந்தக் கடைக்காரர் ஈற்றில் கால்பக்கம் தந்தார். "அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டத்தையும் போடுங்கோ மாஸ்ரர்" என்றவர், நான் வாசலைத் தாண்டுமுன் மீண்டும் அழைத்தார். "மகளின்ரை நடனப் படம் வாற பக்கத்துக்குப் பக்கத்திலை போடேலுமோ?"

போட்டிருக்கின்றோம்.