உஷார்! ஷாஃப்ட் காய்ந்தால் போட் கரை திரும்பாது

பொங்கல் லீவு வருகிறதே என்று லாஃப்ட்டிலிருந்து ரிமோட் போட்டை இறக்கிவிட்டீர்களா? அப்படியே ஏரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். மோட்டாரோடு ஷாஃப்ட்டைப் பிடித்திருக்கும் கப்ளிங்கின் திருகைத் தளர்த்தி, பின்பக்கம் புரொபெல்லரைப் பிடித்து வெளியே இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் தப்பித்தீர்கள். அசைய மறுத்தால், போன கோடையில் குழாய்க்குள் தங்கிய தண்ணீர் இத்தனை மாதமாக அங்கே சும்மா இருக்கவில்லை என்று அர்த்தம்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு சென்னைப் புறநகரில் ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம், சேலையூர் பக்கத்து ஏரிகளில் தண்ணீர் தளதளவென்று நிற்கும். பார்க்க அழகு. போட் விட ஆசை வரும். ஆனால் இது நீச்சல் குளத்துத் தண்ணீர் இல்லை. வீடுகளின் கழிவுநீர் கலக்கிறது, ஆகாயத்தாமரை மிதக்கிறது, அதன் வேருக்கு நடுவே நைலான் மீன் நரம்பும் அறுந்த பட்டத்து நூலும் கிழிந்த கேரி பேக்கும் கிடக்கின்றன. சுற்றுகிற ஷாஃப்ட் இவை எல்லாவற்றையும் தன்மேல் சுருட்டிக்கொள்ளும்.

மெதுவாகப் போகிற இழுவைக்கப்பல் மாதிரிகளில் நேரான எஃகுக் கம்பிதான் ஷாஃப்ட். சீறிப் பாய்கிற ரேஸ் போட்டில் இருப்பது வேறு. மெல்லிய எஃகு இழைகளை அடுக்கடுக்காக முறுக்கிய, வளைந்து கொடுக்கும் கேபிள். பழைய பஜாஜ் சேத்தக்கின் ஸ்பீடோமீட்டர் கேபிளைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம், அதே சங்கதிதான். அங்கே அது ஒரு முள்ளை மட்டும் ஆட்டியது. இங்கே 11.1 வோல்ட் பேட்டரியில் 2000 கே.வி. (அதாவது ஒரு வோல்ட்டுக்கு 2000 சுற்று) மோட்டார் என்றால், சுமையில்லாமல் நிமிடத்துக்கு 22,200 சுற்று என்று கணக்கு. இவ்வளவு வேகமும் ஒரு பித்தளைக் குழாய்க்குள், விரற்கடை அகலம்கூட இல்லாத இடத்தில் நடக்கிறது. நடுவே இருப்பது கிரீஸ் மட்டும். அது போய்விட்டால் இரும்பும் பித்தளையும் நேருக்கு நேர் உரசும். அதே கிரீஸ்தான் குழாய் வழியாகத் தண்ணீர் போட்டுக்குள் ஏறாமலும் பெருமளவு தடுக்கிறது.

கேபிளின் துரு வெளியே தெரியாது என்பதுதான் பயங்கரம். மேல் அடுக்கு பளபளவென்று இருக்கும், உள் இழைகள் பழுப்பேறி நொறுங்கிக் கிடக்கும். அதனால் துணியால் துடைத்துவிட்டு மெல்ல வளைத்துப் பாருங்கள். ஒரே ஒரு இழை முள்ளாக எழும்பியிருந்தாலும், ஓரிடம் மட்டும் கருத்தோ நீலம் பாய்ந்தோ இருந்தாலும் அது குப்பைக்கு. இன்னும் ஒரு தடவை ஓடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த ஒரு தடவையில்தான் ஏரியின் நடுவில் அறும்.

கேபிள் தேறிவிட்டால் அடுத்தது மசகு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துக் கெட்டியாகும். தையல் மெஷின் எண்ணெய் வேண்டாம், ஒரே ஓட்டத்தில் கழுவிக்கொண்டு போய்விடும். எல்லா நோய்க்கும் டபிள்யூ.டி. 40 அடிக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஈரத்தை விரட்ட அது நல்லது, கிரீஸின் வேலையை அது செய்யாது. தண்ணீரில் கரையாத கெட்டி மரைன் கிரீஸை கேபிள் முழுக்கத் தடவி, சுற்றிச் சுற்றி உள்ளே தள்ளுங்கள். ஒவ்வொரு நாள் ஓட்டத்துக்குப் பிறகும் இதைச் செய்ய வேண்டும். முட்டுக்காட்டு உப்புத் தண்ணீரில் ஓட்டினீர்களா? வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, அன்றைக்கே கிரீஸ் போடுங்கள். விடிந்தால் துரு.

திரும்ப மாட்டும்போது இன்னொரு கண்ணி காத்திருக்கிறது. சுமை ஏறும்போது கேபிள் முறுகி நீளம் குறையும். அதற்கு இடம் கொடுக்க, புரொபெல்லருக்கு முன்னால் இருக்கும் பிடிக்கும், ஷாஃப்ட்டைத் தாங்கும் ஸ்டரட்டுக்கும் நடுவே இரண்டு, மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். ஒட்டி இறுக்கினால் பிடி ஸ்டரட்டில் போய் அழுத்தும், மோட்டார் திணறும், ஸ்பீடு கன்ட்ரோலர் சூடேறிப் புகையும். கடையில் புது கன்ட்ரோலர் வாங்குகிறவர்களில் பலர் அந்த இடைவெளியைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆகாயத்தாமரை சிக்கியதும் ரிவர்ஸ் அழுத்துவது அடுத்த ஆபத்து. கேபிள் ஒரு பக்கமாகச் சுற்றும்போது இறுகும்படி முறுக்கப்பட்டது. சிக்கிய நிலையில் எதிர்ப்பக்கம் சுற்றினால் குழாய்க்குள்ளேயே பிரிந்து உப்பிக்கொள்ளும். ஆக்ஸிலரேட்டரை விட்டுவிடுங்கள், அவ்வளவுதான்.

நேர் ஷாஃப்ட்காரர்கள் சிரிக்க வேண்டாம். உங்கள் கம்பியைக் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள். தத்தித் தத்தி உருண்டால் வளைந்திருக்கிறது. வளைந்த ஷாஃப்ட் என்ன செய்யும் என்பதற்குப் பெரிய சாட்சியே உண்டு. 1941 டிசம்பர் 10 அன்று மலாயாவின் குவாந்தான் கடலில் ஜப்பானிய டார்பிடோ ஒன்று பிரிட்டனின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் போர்க்கப்பலின் இடப்பக்க ஷாஃப்ட் அருகே வெடித்தது. சிதைந்த ஷாஃப்ட் சுழன்றபடியே தன்னைச் சுற்றியிருந்த அடைப்புகளைக் கிழித்தது, அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே கொட்டியது. பிறகு மேலும் டார்பிடோக்கள் பட்டுக் கப்பல் மூழ்கியது. உங்கள் போட்டுக்கு டார்பிடோ தேவையில்லை, ஒரு முறை படிக்கட்டில் இடித்தாலே போதும். மோட்டார் வைத்த கப்பல் மாதிரி செய்யும் என்.சி.சி. கடற்படைப் பிரிவுப் பிள்ளைகளும் போட்டிக்கு முன்னால் இந்தக் கண்ணாடிச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது.

இனி, எல்லாவற்றையும்விட முக்கியமானது. போட் நடுவில் நின்றுவிட்டால் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. முழங்கால் ஆழம்தான் என்று தெரியும் என்பார்கள். தூர்வாரிய ஏரியில் ஒரு அடி முழங்கால், அடுத்த அடி ஆளை விழுங்கும் பள்ளம், கீழே காலை விடாத சேறு. நீச்சல் தெரிந்தவரும் ஆகாயத்தாமரை வேரில் மாட்டுவார். பையன் அழட்டும். போட் போனால் போகட்டும். போகிறபோதே ஒரு தூண்டில் கழியும், நூல் நுனியில் கட்ட ஒரு டென்னிஸ் பந்தும் எடுத்துப் போங்கள். போட்டைத் தாண்டி எறிந்து மெல்ல இழுத்தால் சிக்கி வரும். இல்லையென்றால் காற்று தள்ளும்வரை கரையிலேயே உட்காருங்கள். போட் மூழ்கிவிடாமல் இருக்க, உள்ளே காலி இடத்தில் தெர்மாகோல் துண்டுகளை முன்கூட்டியே அடைத்திருக்க வேண்டும்.

கரை சேர்ந்ததும் புரொபெல்லரில் சுற்றிய நூலை எடுக்கக் கை நீட்டாதீர்கள். முதலில் பேட்டரி இணைப்பைப் பிடுங்குங்கள். ரிமோட்டில் யாராவது விரல் வைத்தால் போதும், கத்தி போன்ற அந்த இறக்கை சதையோடு எடுத்துவிடும். உள்ளே தண்ணீர் புகுந்திருந்தால், நனைந்த லித்தியம் பேட்டரியை அன்றிரவு சார்ஜ் போடவே கூடாது. மணிக்கணக்கில் சும்மா இருந்துவிட்டுப் பிறகு புகையத் தொடங்கும் ஜாதி அது. வீட்டுக்குள் கொண்டுவராமல், மொட்டை மாடியில் எரியக்கூடிய எதுவும் பக்கத்தில் இல்லாத இடமாகப் பார்த்து, மண் சட்டியில் போட்டு வையுங்கள்.