மண்ணுக்கடியில் ரோம் – 9: ஈரம் காத்த பாசறை

மொத்தம் 752 பேர். பாசறையில் இல்லாதவர்கள் 456. இருப்பவர்கள் 296. அவர்களிலும் நோயாளிகள் 15, காயம்பட்டவர்கள் 6, கண்நோய்க்காரர்கள் 10. களத்தில் இறங்கத் தகுதியானவர்கள் 265.

வடக்கு இங்கிலாந்தின் விண்டோலாண்டா கோட்டையில், கி.பி. 90-களில் ஒரு மே 18 அன்று, எழுத்தர் ஒருவர் மெல்லிய மரத்தகட்டில் மையால் எழுதிவைத்த ஆள்கணக்கு இது. இன்றைய பெல்ஜியப் பகுதியில் திரட்டப்பட்ட துங்ரியர் படைப்பிரிவுக்கு உரியது. செஞ்சுரியன்கள் எனப்படும் படைத்தலைவர்கள் ஆறு பேரில் ஒருவர்தான் அன்று ஊரில் இருந்தார். 337 வீரர்கள் கோரியா என்ற பக்கத்துத் தளத்துக்குப் போயிருந்தார்கள். ரோமானியப் படையைப் பற்றிய வரைபடங்கள் கோட்டைக்குக் கோட்டை முழுப்படையை நிறுத்திக் காட்டும். அவற்றையெல்லாம்விட இந்த ஒரு தகட்டைத்தான் நான் நம்புவேன்.

மரம் எப்படி 1,900 ஆண்டுகள் தாங்கியது? விண்டோலாண்டாவின் முதல் கோட்டை கி.பி. 85 வாக்கில் எழுந்தது. ரோமானியர் அருகில் எழுப்பிய எல்லைச்சுவரான ஹேட்ரியன் சுவரின் வேலை தொடங்கியதே 122-ல்தான். தொடக்கக் கோட்டைகள் எல்லாம் மரத்தாலானவை. ஒரு படைப்பிரிவு போய் அடுத்தது வரும்போது பழையதை இடித்து, அதன்மேல் களிமண்ணையும் புல்கட்டிகளையும் பரப்பிப் புதியதைக் கட்டினார்கள். அடியில் ஈரம் தேங்கியது, காற்று புகவில்லை. மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு வேலையில்லாமல் போயிற்று. மரம், தோல், துணி என எல்லாம் அப்படியே கிடந்தன.

1973-ல் ராபின் பேர்லி தோண்டியபோது முதல் தகடுகள் மரச்சீவல்போல் வந்தன. ஒட்டியிருந்த இரண்டைப் பிரித்ததும் உள்ளே எழுத்து. காற்றுப் பட்டதும் மை மங்கி மறைந்தது. அகச்சிவப்பு ஒளியில் படமெடுத்தபோதுதான் மறுபடி தெரிந்தது. ஆலன் போமன், டேவிட் தாமஸ் ஆகிய அறிஞர்கள் அந்தக் கோணல் கையெழுத்துகளைப் பல ஆண்டுகள் உட்கார்ந்து படித்தார்கள்.

என்ன எழுதியிருந்தது? மாஸ்க்லுஸ் என்ற குதிரைப்படைத் தலைவன், நாளை எல்லாரும் திரும்புவதா, பாதிப்பேர் மட்டுமா என்று தளபதி செரியாலிஸிடம் கேட்கிறான். கடிதத்தின் கடைசியில், வீரர்களிடம் பியர் தீர்ந்துவிட்டது, அனுப்பச் சொல்லுங்கள் என்கிறான். இன்னொரு கடிதம் காலுறையும் செருப்பும் உள்ளாடையும் அனுப்பியிருப்பதாகச் சொல்கிறது. ஒக்டாவியுஸ் என்ற வியாபாரி, சாலை மோசமாக இருப்பதால் தோல்களை எடுத்துவரவில்லை என்கிறான். படைவீரர்களின் கடன்கணக்கு ஒன்றில் தாப்போவின் மகன் கம்பாக்ஸ் பெயரில் மிளகு, 2 தெனாரி (ரோமானிய வெள்ளிக்காசு). சேரநாட்டு முசிறி போன்ற துறைகளில் கப்பலேறித்தான் அந்நாளில் ரோமுக்கு மிளகு போனது. பேரரசின் வடகோடியில் குளிரில் நடுங்கிய சாதாரணச் சிப்பாயும் அதைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறான்.

செரியாலிஸின் மனைவி லெபிதினாவை, தன் பிறந்தநாளான செப்டம்பர் 11-க்குக் கட்டாயம் வரவேண்டும் என்று அழைக்கிறாள் வேறொரு தளபதியின் மனைவி செவேரா. கடிதத்தை எழுத்தர் எழுதியிருக்கிறார். முடிவிலுள்ள அன்பு வரிகள் மட்டும் அவள் கைப்பட எழுதியவை. லத்தீனில் ஒரு பெண் தன் கையால் எழுதி நமக்குக் கிடைத்தவற்றுள் மிகப் பழையவற்றில் ஒன்று அது.

தளபதிகளுக்குக் குடும்பம் உண்டு. வீரர்கள் மணம் முடிக்கச் சட்டம் இடம்தரவில்லை. 2-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை அதுதான் நிலை. ஆனால் விண்டோலாண்டாவில் கிடைத்த 5,000-க்கும் மேற்பட்ட காலணிகளில் பெண்களுடையவையும் குழந்தைகளுடையவையும் உண்டு. அவற்றில் சில வீரர்களின் குடியிருப்பிலேயே கிடைத்திருக்கின்றன. ஏட்டுச் சட்டத்தை மட்டும் வைத்துப் பாசறையை ஆண்களின் உலகமாக எழுதிய வரலாற்றை இந்தச் செருப்புகள் திருத்திவிட்டன. ரோமானியத் தொல்லியலுக்கு விண்டோலாண்டா தந்த மிகப் பெரிய கொடை இதுவே என்பேன்.

இந்த ஈரம் என்றைக்கும் இருக்கும் என்ற உறுதி இன்று இல்லை. மேற்கே சில மைல் தொலைவிலுள்ள மேக்னா கோட்டையில், பருவநிலை மாற்றத்தால் சதுப்பு மண் வறண்டு சுருங்கிவருகிறது. அதனாலேயே 2023-ல் அங்கே ஐந்தாண்டு அகழாய்வு தொடங்கியது. மண்ணில் காற்று புகுந்துவிட்டால் தோலும் மரமும் மையும் மிஞ்சாது. கற்சுவர்களைச் செப்பனிட ஒதுக்கும் பணத்தில் ஒரு பெரும்பங்கை இத்தகைய ஈரநிலங்களைத் தோண்டுவதற்கு இப்போதே திருப்பியாக வேண்டும்.