ஆற்று மின்சாரத்தில் முதலுரிமை யாருக்கு?

பொதுப்பணத்தில் ஓர் ஆற்றை மறித்து அரசாங்கம் மின்சாரம் உற்பத்தி செய்யுமாயின், அதனை முதலில் வாங்கும் உரிமை யாருக்கு இருத்தல் வேண்டும்? அணைக்கட்டுகளின் உயரத்தைப் பற்றிப் பெருமையோடு பேசுகின்ற அளவுக்கு இக்கேள்வி பேசப்படுவதில்லை. அமெரிக்காவின் வடமேற்கில் பாயும் கொலம்பியா ஆற்றைப் பொறுத்தவரை, இதற்கான விடை 1937 ஆம் ஆண்டிலேயே சட்டமாக்கப்பட்டது.

அதற்குரிய காரணம் தெளிவானது. 1930 களின் நடுப்பகுதியில் அமெரிக்கக் கமக்காரர்களின் பத்து வீடுகளில் ஏறத்தாழ ஒன்றுக்கே மின்வசதி இருந்தது. ஆங்காங்கே சிதறிக் கிடந்த வீடுகளுக்குக் கம்பி இழுப்பது இலாபம் தராது எனத் தனியார் கம்பனிகள் ஒதுங்கிக்கொண்டன. வொஷிங்டன் மாநில வாக்காளர்கள், மாவட்டந்தோறும் மக்களே தமக்கென மின்சபைகளை அமைத்துக்கொள்ளும் சட்டத்தை 1930 இல் வாக்களித்து நிறைவேற்றினர். 1935 இல் உருவான கிராமிய மின்மயமாக்கல் நிர்வாகம் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கடன் வழங்கியது. கம்பங்கள் நாட்டப்பட்டன, ஆனால் அவற்றில் ஓடுவதற்கு மலிவான மின்சாரம் வேண்டியிருந்தது.

பொன்வில் சட்டம் அதற்கே வழிசெய்தது. அரசாங்க அணைக்கட்டுகளின் மின்சாரத்தை வாங்குவதில் பொது அமைப்புகளுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் முன்னுரிமை உண்டு என்றது அச்சட்டம். எமது கல்லோயாத் திட்டத்திற்கு முன்மாதிரியாக அமைந்த டென்னசி பள்ளத்தாக்கு அதிகாரசபையின் சட்டத்திலும் இத்தகைய முன்னுரிமை இருப்பதை இங்கு குறிப்பிடலாம். இன்று 31 அணைக்கட்டுகளின் மின்சாரத்தைப் பொன்வில் நிர்வாகம் விற்பனை செய்கின்றது. அவற்றுள் கிரான்ட் கூலி மாத்திரம் சுமார் 6,800 மெகாவோட் வலுக்கொண்டது. விற்பனை விலை உற்பத்திச் செலவுக்கு ஏற்பவே நிர்ணயிக்கப்படுகின்றது. மின்னுற்பத்திக்காகச் செலவிடப்பட்ட அரச முதலீடு, மின்கட்டண வருமானத்திலிருந்து வட்டியுடன் திறைசேரிக்குத் திரும்புகின்றது. வாங்கும் மின்சபைக்கோ பங்குதாரர்கள் இல்லை. எனவே ஆற்றின் மலிவு இடைவழியில் இலாபமாகத் தேங்கிவிடாமல் வீட்டு மின்பட்டியல்வரை சென்றடைகின்றது. மலிவான உற்பத்தி மட்டும் போதாது, விநியோகமும் பாவனையாளர் கையில் இருக்க வேண்டும் என்பதே இதில் நாம் கவனிக்க வேண்டிய அம்சமாகும்.

உரிமையோடு சுமையும் வந்தது. நீர்மின்சாரம் போதாமற் போகும் என அஞ்சிய இதே மின்சபைகள் 1970 களில் ஐந்து அணுமின் நிலையங்களைக் கட்ட முற்பட்டன. பூர்த்தியானது ஒன்றே. கைவிடப்பட்ட இரண்டு நிலையங்களுக்காகப் பெற்ற 225 கோடி டொலர் கடன் 1983 இல் செலுத்தப்படாமற் போயிற்று.

மின்பட்டியலில் காணக்கிடைக்காத ஒரு செலவும் உண்டு. மீன்கள் மேலேறுவதற்கு வழியின்றிக் கட்டப்பட்ட கிரான்ட் கூலி, மேல் கொலம்பியாவிலிருந்து சல்மன் மீன்களை அற்றுப்போகச் செய்தது. 1957 இல் டால்ஸ் அணைக்கட்டின் நீர் தேங்கியபோது, பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக மீன்பிடித்துவந்த செலிலோ நீர்வீழ்ச்சி மூழ்கிப்போனது. மலிவு மின்சாரத்தின் விலையை இவர்களே செலுத்தினர் என்பதை மறுப்பதற்கில்லை. கிளை ஆறான ஸ்னேக்கின் கீழ்ப்பகுதியிலுள்ள நான்கு அணைக்கட்டுகளை அகற்றுமாறு பழங்குடியினர் பலர் கோருகின்றனர். பாவனையாளர் மின்சபைகள் எதிர்க்கின்றன. மீன்வளத்தை மீட்பதற்காக 2023 டிசெம்பரில் எட்டப்பட்ட உடன்பாட்டிலிருந்து அமெரிக்க அரசாங்கம் 2025 ஜூனில் விலகிக்கொண்டதையடுத்து, பிணக்கு மீண்டும் நீதிமன்றம் சென்றுள்ளது.