கிட்டங்கியில் மூட்டை இருந்தென்ன, கடையில் சரக்கு வேண்டாமா?

வெல்லம், கடலை, பேரீச்சை மண்டி நடத்துபவனுக்கும் சைக்கிள் பயணத்திற்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பீர்கள். சம்பந்தம் என் வீட்டிலேயே வந்து சேர்ந்தது.

சென்னையில் வேலை பார்க்கும் என் தம்பி மகன், 2023-ம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் பத்துப் பேருடன் திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை சைக்கிளில் போய்த் திரும்பினான். போக வர ஏறத்தாழ 100 கிலோ மீட்டர். முதல் நாள் இரவு எட்டு மணிக்கு இரண்டு இட்லி, விடிகாலையில் ஒரு காபி, அவ்வளவுதான். டிபனைத் திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணம். மாமல்லபுரத்தில் மற்றவர்கள் பழம் தின்றபோதும், "பசியில்லை" என்று தண்ணீர் மட்டும் குடித்திருக்கிறான். திரும்பும்போது முட்டுக்காடு அருகே கை நடுங்கி, குளிர்ந்த வியர்வை வியர்த்து, கண் மங்கிவிட்டது. முன்னால் போனவர் சக்கரத்தில் இவன் சக்கரம் உரச, கீழே விழுந்தான். இவன் மேல் மோதி இன்னொருவரும் விழுந்தார். இவனுக்குக் காறை எலும்பு முறிந்தது. அந்த நேரத்தில் பின்னால் பஸ் எதுவும் வரவில்லை, அதுவரை தெய்வாதீனம்.

வெல்ல மண்டிக்காரன் வீட்டுப் பிள்ளை உடம்பில் சர்க்கரை இல்லாமல் விழுந்தான் என்றால் யாரிடம் சொல்வது? எலும்புக்குக் கட்டுப் போட்ட டாக்டரிடம் காரணம் கேட்டேன். அவர் சொன்னதை நம் வியாபார பாஷையில் சொல்கிறேன்.

உடம்பில் இரண்டு இடங்களில் சரக்கு இருக்கிறது. ஒன்று கடை, மற்றொன்று கிட்டங்கி. நாம் உண்ணும் சோறு, இட்லி, பழம் ஆகியவற்றின் மாவுச்சத்து, கிளைக்கோஜன் என்ற பெயரில் தசைகளில் சுமார் 400 கிராமும் ஈரலில் சுமார் 100 கிராமும் இருப்பாக நிற்கும். இது கடை இருப்பு. கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கலாம். ஆனால் மொத்தமாக 2,000 கலோரிக்கு மேல் தேறாது. கொழுப்பு என்பது கிட்டங்கி. ஒல்லியான ஆளிடம்கூடப் பல நாளைக்குப் போதுமான மூட்டைகள் அங்கே அடுக்கியிருக்கும். ஆனால் அங்கிருந்து சரக்கு மெதுவாகத்தான் வந்து சேரும். வாசலில் வாடிக்கையாளர் கூட்டம் நெருக்கும்போது அதை நம்பி வியாபாரம் செய்ய முடியுமா?

மணிக்கு 25 கிலோ மீட்டர் வேகத்தில் மிதிப்பவர் ஒரு மணி நேரத்தில் 500, 600 கலோரி செலவழிக்கிறார். விரைந்து மிதித்தால் இரண்டு மணி நேரத்திற்குச் சற்று முன்பின்னாகக் கடை இருப்பு அடிமட்டத்துக்கு வந்துவிடும். இரவு தூக்கத்திலேயே ஈரலின் இருப்பில் பெரும்பகுதி கரைந்துவிடுவதால், வெறும் வயிற்றில் கிளம்புகிறவர் குறைந்த இருப்போடுதான் கடையைத் திறக்கிறார். மூளைக்கு வேண்டிய சர்க்கரை குறைந்ததும் நடுக்கம், எரிச்சல், நிதானம் தவறுதல் எல்லாம் வரும். பசி எடுத்த பிறகு சாப்பிடலாம் என்று இருந்தால், தின்றது வயிற்றிலிருந்து இரத்தத்தில் சேரும்வரை நேரம் ஆகும். இருப்பு தீர்ந்த பிறகு ஆர்டர் போடுவது போலத்தான்.

ஆகவே கிளம்புவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு நாலு இட்லியோ, அதற்கு நேரமில்லாவிட்டால் இரண்டு வாழைப்பழமோ உள்ளே போக வேண்டும். பூரி, வடை வேண்டாம், எண்ணெய்ப் பண்டம் வயிற்றிலேயே நிற்கும். கிளம்பி அரை மணி நேரத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னத் தொடங்கி, மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து சேர்ப்பது கணக்கு. பெரிய வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் உண்டு. ஏலக்கிப் பழம் என்றால் அதில் பாதிதான். சிறிய பேரீச்சை மூன்று தின்றால் 15 கிராமுக்குக் குறையாது. வெல்லம் பத்துக் கிராமில் எட்டுக் கிராமுக்கு மேல் சர்க்கரையே. வெளிநாட்டுப் பசைப் பாக்கெட்டுகளிலும் இதே சர்க்கரைதான் இருக்கிறது. ஒரு பாக்கெட் விலையில் ஒரு சீப்புப் பழம் வாங்கலாம்.

கடலை மிட்டாய் பற்றி நான் சொல்வது என் வியாபாரத்திற்கே விரோதம், இருந்தாலும் சொல்கிறேன். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமை. ஆனால் நிலக்கடலையில் ஏறத்தாழ பாதி எண்ணெய். நிதானமாகப் போகும்போதும் இடைவேளையிலும் அது நல்ல தீனி. மூச்சு வாங்க மிதிக்கும் நேரத்தில் செரிக்காது.

1970-களில் நானும் என் அண்ணனும் வெல்லச் சிப்பத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போவோம். அப்பா கம்பங்கூழ் குடிக்கவைத்து, சட்டைப் பையில் ஒரு துண்டு வெல்லம் போட்டுத்தான் அனுப்புவார். கலோரி என்ற சொல்லே அவருக்குத் தெரியாது.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு உண்டு. நம் வெயிலுக்கு மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை குடிக்க வேண்டும். வியர்வையில் உப்பும் போவதால், மணிக்கணக்கில் வெறும் தண்ணீரையே அளவின்றிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப் போய் உயிருக்கே ஆபத்தாகும். ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்த்தால் போதும்.

கூட்டமாகப் போவதில் தனிச் சங்கடம் ஒன்று. முன்னால் போகிறவர் காற்றைத் தாங்குவதால் பின்னால் வருபவர்களுக்கு உழைப்பு கணிசமாகக் குறைகிறது. இந்த லாபத்துக்காகச் சக்கரத்தோடு சக்கரம் ஒட்டிப் போவார்கள். நடுவில் இருக்கும்போது ஒரு கையை விட்டுப் பையைத் துழாவினால் பத்துப் பேரும் விழ வேண்டியதுதான். முறை முடிந்து கடைசிக்கு வந்ததும் சற்று இடைவெளி விட்டுத் தின்ன வேண்டும். பாக்கெட்டை வீட்டிலேயே வெட்டி வைத்துக்கொள்வது நல்லது. "எனக்காக நிற்க வேண்டுமா" என்ற கூச்சம்தான் என் தம்பி மகனைத் தள்ளியது. நிற்கும் இடங்களைக் கிளம்பும் முன்பே பேசி வைத்துவிட்டால் கூச்சத்துக்கு வேலையில்லை.

இப்போது நம் சங்க உறுப்பினர்களிலேயே ஐம்பது வயதுக்காரர்கள் சிலர் ஓட்டுகிறார்கள். இன்சுலினோ, சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள், டாக்டரிடம் கேட்காமல் நெடுந்தூரம் போகக் கூடாது. மருந்தும் மிதியும் சேர்ந்து சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடும்.

200 கிலோ மீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்கும் ஆடாக்ஸ் பயணங்களும் நம் மாநிலத்தில் நடக்கின்றன. அவர்கள் வழியில் கிடைப்பதைத்தான் உண்கிறார்கள். நெடுஞ்சாலை ஓரம் கடை வைத்திருப்பவர்கள் ஞாயிறு காலை ஐந்து மணிக்கே திறந்து, பழுத்த வாழைப்பழம், கொட்டை நீக்கிய பேரீச்சை, ஐம்பது கிராம் வெல்லப் பொட்டலம், உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறு வைத்துப் பாருங்கள். சைக்கிளைச் சாய்த்து வைக்க ஒரு மூங்கிலும் கட்டி விடுங்கள். அது இல்லாத கடையில் அவர்கள் நிற்பதில்லை.